குவளை யாருடையது?
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்த மூத்த தோழர் மறைந்த பிறகு, அவருடைய குடும்பத்தார் ஒரு தகரப் பெட்டியை எங்களிடம் ஒப்படைத்தார்கள். அவர் பணமோ நகையோ சேர்த்தவர் அல்லர். பெட்டியில் காகிதம்தான் இருந்தது: கார்பன் தாள் வைத்து எழுதிய மனு நகல்கள், பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டைகள், கூட்ட அறிவிப்புகள். அடியில் நான்காக மடித்த ஒரு பெரிய தாள். அதில் அவர் தம் தெருவைக் கையால் வரைந்திருந்தார். எந்த வீடு யாருடையது, கைக்குழாய் எங்கே, வேப்பமரம் எங்கே, வெள்ளாற்றுப் பக்கம் சுடுகாட்டுக்குப் போகும் பாதை எது என்று எல்லாம் குறித்திருந்தார். அந்தப் பாதைக்காகத்தான் அவர் வாழ்நாள் முழுக்க மனு எழுதினார். பாதை இன்னும் வரவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது இந்தப் பெட்டியும் நனைந்திருக்கிறது. தாள்களின் ஓரத்தில் நீர்க்கறை தெரிகிறது. இதை என்ன செய்வது என்று எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. சென்னையில் ஏதாவது ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். இங்கேயே காட்சிக்கு வைக்கலாம் என்றார்கள் சிலர். காட்சிக்கு வைப்பதென்றால் என்ன? யார் வைப்பது, யாருக்குக் காட்டுவது, எந்தப் பெயர்ச்சீட்டோடு? இந்தக் கேள்விகளோடுதான் நாங்கள் அருங்காட்சியகம், கலைக்காட்சி ஆகியவற்றைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். படித்ததையும், எங்களுக்குள் சண்டையிட்டுத் தெளிந்ததையும் இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

1. அளக்கப்பட்டவர்கள்

அருங்காட்சியகம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பள்ளிச் சுற்றுலா. சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. செப்புத் திருமேனிகள், அமராவதிச் சிற்பங்கள், நாணயங்கள், வாள்கள் என்று அங்கே பார்த்திருப்போம். அந்த அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த ‘தென்னிந்தியாவின் சாதிகளும் பழங்குடிகளும்’ என்னும் நூல் 1909இல் ஏழு தொகுதிகளாக வந்தது. இன்றும் ஆய்வேடு எழுதும் மாணவர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

அந்த நூலுக்காக அவர் அளவுகோல்களையும் இடுக்கிகளையும் கொண்டு மனிதர்களை அளந்தார். மூக்கின் அகலம், தலையின் நீளம், தோலின் நிறம் என்று எல்லாவற்றையும் எண்களாக்கினார். மூக்கின் அளவை வைத்து ஒரு சாதி மேலா கீழா என்று சொல்லிவிடலாம் என நம்பிய காலம் அது. சாதி சமூகம் செய்த வேலை என்பதை மறைத்து, உடம்பிலேயே எழுதப்பட்ட இயற்கை என்று காட்ட அந்த எண்கள் உதவின.

ஆக, அருங்காட்சியகம் நம்மை மறந்துவிட்டது என்று மட்டும் சொல்வது முழு உண்மையாகாது. அது நம்மை உள்ளே அழைத்தது. ஆனால், எதையும் சொல்வதற்காக அல்ல, அளக்கப்படுவதற்காக. அரசனின் வாளுக்கு அரசனின் பெயர் இருந்தது. நம் முகத்தின் படத்துக்குக் கீழே சாதியின் பெயர் மட்டும்தான் இருந்தது.

இந்தக் காயத்துக்கு நம் காலத்துக் கலைஞர்கள் பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். வடகேரளத்தில் ரப்பர் பால் வெட்டும் தலித் குடும்பத்தில் பிறந்து, இன்று பெர்லினில் இயங்கும் சஜன் மணி அவர்களில் ஒருவர். 1926 முதல் 1929 வரை இந்தியாவில் சுற்றிய ஜெர்மானிய மானுடவியலாளர் எகான் ஃபான் ஐக்ஸ்டெட், நம் பகுதி மக்களைப் படமெடுத்துக் கொண்டுபோனார். பின்னாளில் அவர் நாஜி ஆட்சிக்கு உகந்த இனவாத ‘அறிவியல்’ பேசியவர். பெர்லின் அருங்காட்சியகத்தில் கிடக்கும் அத்தகைய படங்களைச் சஜன் மணி தேடியெடுத்து ரப்பர் தாள்களில் பதித்தார். ரப்பர் அவருடைய பெற்றோர் உழைத்த பொருள். அளந்தவனின் காகிதத்திலிருந்து முகங்களை மீட்டு, உழைத்தவரின் பொருளின்மேல் வைத்த செயல் அது.

2. யாழ்ப்பாணத்துக் குப்பிகளும் தோம்பும்

எங்களை அதிகம் யோசிக்க வைத்தவர் நம் மொழிக்காரர், கடலுக்கு அப்பால் இருப்பவர்: யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன். 1969இல் பிறந்தவர். தில்லியில் கலை பயின்றவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கிறார். அவர் செய்வதைக் கருத்துருக் கலை என்கிறார்கள். சுவரில் மாட்டும் அழகான படத்தைவிட, ஒரு பொருளை எங்கே, எதற்குப் பக்கத்தில், யாருடைய சொல்லோடு வைக்கிறோம் என்பதே இந்தக் கலையில் முதன்மை. பார்ப்பவர் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போக முடியாது. உள்ளே நடக்க வேண்டும், இழுப்பறையைத் திறக்க வேண்டும், படிக்க வேண்டும். அவரும் அந்தக் காட்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறார்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நாம் அறிவோம். ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. மீண்டும் எழுப்பப்பட்ட அதே கட்டடத்தில் 2004இல் ‘அகம் புறம்’ என்ற கலைக்காட்சி நடந்தது. அதில் சனாதனன் இளம் கலைஞர்களோடு சேர்ந்து ‘வரலாறுகளின் வரலாறு’ என்று பொருள்படும் ஒரு படைப்பை அமைத்தார். யாழ்ப்பாணத்து மக்களிடமிருந்து அன்றாடப் பொருள்களைக் கேட்டு வாங்கி, கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து அடுக்கினார்கள். புத்தகம் எரிந்த இடத்தில், புத்தகம் இருக்க வேண்டிய அடுக்கில், மக்களின் வீட்டுச் சாமான்கள். போரைப் பற்றி யாரும் எழுதிவைக்காத வரலாற்றை அந்தச் சாமான்கள் சுமந்திருந்தன.

2010இல் கனடாவின் வான்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் அருங்காட்சியகத்தில் இதே முறையை அவர் வேறொரு கேள்வியோடு கொண்டுபோனார். புலம்பெயர்ந்து அங்கே வாழும் தமிழர்களிடம், வீடு என்றால் உங்களுக்கு என்ன, அதை நினைவூட்டும் ஒரு பொருளைத் தாருங்கள் என்று கேட்டார். அவர்கள் தந்தவை குப்பிகளில் நின்றன. உலகத்து ‘ஆதி’ மக்களின் பொருள்களைச் சேர்த்து வைத்துக் காட்டுவதுதான் மானுடவியல் அருங்காட்சியகங்களின் பழைய வேலை. பல இடங்களில் அந்தப் பொருள்கள் கேட்டு வாங்கப்பட்டவை அல்ல, எடுத்துக்கொண்டு போகப்பட்டவை. அப்படிப்பட்ட மரபுள்ள ஓர் இடத்தில், எதைத் தருவது, எதைத் தராமல் வைத்துக்கொள்வது என்று உடையவரே முடிவு செய்தார். தர்ஸ்டனின் இடுக்கிக்கும் சனாதனனின் குப்பிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இடுக்கி கேட்காமல் எடுக்கிறது. குப்பி கேட்டு வாங்குகிறது.

பிறகு 2011இல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்ற அவருடைய நூல் வந்தது. அது நூல் மட்டுமல்ல, கலைப்படைப்பும்கூட. தோம்பு என்ற சொல் நம் பக்கம் பழக்கத்தில் இல்லை. போர்த்துக்கீசியரும் பிறகு டச்சுக்காரரும் இலங்கையில் நிலத்தையும் குடிகளையும் வரியையும் பதிந்து வைத்த பதிவேடு அது. நம் ஊர் அடங்கலும் சிட்டாவும் போல என்று வைத்துக்கொள்ளலாம். சனாதனன், போரில் வீட்டை இழந்து பெயர்ந்த தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் போய், இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். 80 பேர் வரைந்தார்கள். கோணலான கோடுகள், அளவு பொருந்தாத அறைகள், கிணறு, மாமரம், மாட்டுக்கொட்டில். ஒவ்வொன்றையும் கட்டடக் கலைஞர் முறையான தரைப்படமாக மாற்றி வரைந்தார். கூடவே அவர்கள் சொன்ன கதை, சனாதனனின் ஓவியம்.

அரசாங்கம் பதியும் தோம்பு நிலம் யாருக்கு உரியது என்று சொல்லும். மக்கள் வரைந்த இந்தத் தோம்பு, அந்த நிலத்தில் யார் வாழ்ந்தார்கள் என்று சொல்கிறது. வீடு இடிந்தாலும் உறுதிப்பத்திரம் எரிந்தாலும், கால் நினைவில் வைத்திருக்கும் வழியை யாராலும் பறிக்க முடியாது. இதைப் படித்தபோது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தகரப் பெட்டியின் அடியில் கிடந்த அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது. நம் தோழர் வரைந்ததும் ஒரு தோம்புதான்.

2016இல் கொச்சி பினாலேயில் அவர் வைத்தது ‘எதிர்ப்பின் அலமாரி’ என்று நாம் சொல்லக்கூடிய படைப்பு. பழைய நூலகங்களில் புத்தகம் தேடுவதற்கான சிறு இழுப்பறைகள் கொண்ட அட்டைப்பெட்டி இருக்குமே, அதேதான். இழுத்துப் பார்த்தால் அட்டைகளில் போர்க்காலத்துச் சாதாரண மக்களின் சமாளிப்புகள். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தார் ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டு விளக்கு எரித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். துப்பாக்கி ஏந்தாதவர்களும் எதிர்த்துத்தான் வாழ்ந்தார்கள் என்பதை அந்த அலமாரி சொல்கிறது.

3. தோம்பில் ஏறாத வீடு

இங்கே நாங்கள் நின்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டோம். சனாதனனின் படைப்பைக் குறை சொல்வதற்காக அல்ல. முற்றுப்பெறாதது என்று அவரே பெயர் வைத்திருக்கிறார். அந்த முற்றுப்பெறாமைக்குள் நம் கேள்விக்கும் இடம் இருக்கிறது.

வீட்டின் தரைப்படத்தை வரைவதற்கு முதலில் ஒரு வீடு இருந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் நிலம் இருந்ததா? டச்சுக்காரர்கள் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில், நிலத்துக்கும் சீதனத்துக்கும் விதி இருப்பதுபோல அடிமைகளுக்கும் விதி இருந்தது. பள்ளரும் நளவரும் அதில் அடிமைகளாக எழுதப்பட்டவர்கள். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். பதிவேட்டில் நிலத்தின் உடைமையாளராக அல்லாமல், உடைமையாகவே பதியப்பட்டவர்கள் நம்மவர்கள்.

அது பழங்கதை என்று தள்ள முடியாது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைவுரிமை கேட்டு நின்று அடிவாங்கினார்கள். அந்தக் காலத்தை ‘பஞ்சமர்’ நாவலில் எழுதிய கே. டானியல் 1986இல் நம் தஞ்சாவூரில் காலமானார், அங்கேயே அடக்கமானார். போர் முடிந்த பிறகும் வலிகாமத்து முகாம்களில் ஆண்டுக்கணக்காகத் தங்கிப் போனவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நிலம் உள்ளவர் நிலம் விடுவிக்கப்பட்டதும் திரும்பிப் போனார். நிலமே இல்லாதவர் எங்கே திரும்புவார்?

நம் பக்கம் வருவோம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லி வருகின்றன. இங்கே நிலைமை தலைகீழ். பதிவேட்டில் நம் பெயர் இருந்தது, நிலம் நம் கையில் இல்லை. அதை மீட்கப் போராடியபோதுதான் 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது ஒரே குடிசைக்குள். அந்தக் குடிசைக்கு எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம்? வாசல் எந்தப் பக்கம்? உயிர் தப்பியவர்களின் நினைவில் அந்தத் தரைப்படம் இருந்திருக்கும். அதை வரையச் சொல்லி அவர்கள் கையில் ஒரு பென்சிலைக் கொடுக்க நமக்குத் தோன்றியதா? நினைவுத் தூண் எழுப்பினோம். தூண் நாம் அஞ்சலி செலுத்த வேண்டியது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தூணில் பெயர்தான் இருக்கும். அவர்கள் சோறு பொங்கிய அடுப்பு எந்த மூலையில் இருந்தது என்று தூண் சொல்லாது.

4. ஆயா கேட்ட கேள்வி

இவ்வளவும் படித்த பிறகு நாங்களும் சிறிய அளவில் ஒரு காட்சி வைக்கலாம் என்று முடிவெடுத்தோம். வீடு வீடாகப் போய்ப் பொருள் கேட்பது என்று திட்டம். எங்களோடு இருந்த ஒரு கல்லூரி மாணவர், முதலில் வைக்க வேண்டியது இரட்டைக் குவளை என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டோம். சாதியைக் காட்ட அதைவிடத் தெளிவான பொருள் வேறு என்ன?

அவர் தம் தெருவில் எழுபது வயது தாண்டிய ஆயா ஒருவரிடம் போய், “ஆயா, அந்தக் காலத்துல டீக்கடையில நமக்குன்னு தனியா வச்சிருந்த கிளாசு ஏதாச்சும் உங்கிட்ட இருக்கா?” என்று கேட்டிருக்கிறார்.

ஆயா சிரிக்கவில்லை. “அது டீக்கடக்காரன் சாமான்டா. எங்கிட்ட வந்து ஏன் கேக்குற? அவங்கிட்டப் போயிக் கேளு. அவன் வூட்ட தேடு” என்றிருக்கிறார். பிறகு உள்ளே போய், நடவுக்கும் அறுப்புக்கும் போன காலத்துக் கருக்கரிவாளையும், மகன் பத்தாம் வகுப்பு தேறிய சான்றிதழின் நகலையும் எடுத்து வந்து, “இது எஞ்சாமான். வேணும்னா இத வையி” என்று கொடுத்திருக்கிறார்.

மாணவர் வந்து சொன்னபோது எங்கள் கூட்டத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. இத்தனை நாள் நம் வரலாறு என்று நாம் காட்டிவந்தது எது? தனிக்குவளை, தனிச் சுடுகாடு, செருப்பைக் கையில் தூக்கி நடந்த தெரு. இவை எல்லாம் நமக்கு நேர்ந்தவை. ஆனால் நாம் செய்தவை அல்ல. அந்தக் குவளையைக் காசு கொடுத்து வாங்கியவர், ஆணியில் மாட்டியவர், நம்மையே கழுவிக் கவிழ்க்கச் சொன்னவர் வேறொருவர். அது அவருடைய பண்பாட்டுப் பொருள். அவருடைய பித்தளைச் செம்புக்கும் வெள்ளி டம்ளருக்கும் பக்கத்தில் இருக்க வேண்டியது.

5. வெள்ளிப் பாத்திரமும் இரும்பு விலங்கும்

ஆயா சொன்னதைத்தான் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு கறுப்பினக் கலைஞர் 1992இல் செய்து காட்டினார் என்று பிறகு படித்தோம். அவர் பெயர் ஃபிரெட் வில்சன். மேரிலாண்ட் வரலாற்றுக் கழகம் என்ற பழைய நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கு அவர் அழைக்கப்பட்டார். தாம் எதையும் புதிதாகச் செய்து கொண்டுவரவில்லை. அந்த நிறுவனத்தின் கிடங்கில் கிடந்தவற்றையே எடுத்து இடம் மாற்றி வைத்தார். ‘அருங்காட்சியகத்தைத் தோண்டுதல்’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்.

ஒரு கண்ணாடிப் பேழையில், செல்வந்தர் வீடுகளின் வேலைப்பாடு மிகுந்த வெள்ளிக் கூஜாக்களும் கோப்பைகளும். அவற்றின் நடுவே, துருவேறிய இரும்பு விலங்கு. அடிமைகளின் மேல் பூட்டியது. பெயர்ச்சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: ‘உலோக வேலை, 1793–1880’. இரண்டும் உலோக வேலைதான். இரண்டும் ஒரே சமூகத்தின் தேவைக்காகத் தட்டி வடித்தவைதான். இத்தனை ஆண்டுகளாக ஒன்று கூடத்தில் மின்னியது, மற்றது கிடங்கின் இருட்டில் கிடந்தது. அவ்வளவே வேறுபாடு.

இன்னோர் இடத்தில் மர வேலைப்பாடு என்ற தலைப்பில் அழகான நாற்காலிகள். எல்லா நாற்காலிகளும் பார்த்துக்கொண்டிருந்தது சாட்டையடி கொடுக்கக் கட்டிவைக்கும் மரத்தூணை. குழந்தைத் தள்ளுவண்டி ஒன்றில் துணிக்குப் பதிலாகக் கூ கிளக்ஸ் கிளானின் முகமூடி. பழைய குடும்ப ஓவியங்களில் மூலையில் நிற்கும் கறுப்பினக் குழந்தைகளின் மேல் மட்டும் வெளிச்சம் விழும். அருகே போனால் ஒலிப்பெட்டியிலிருந்து ஒரு குழந்தைக் குரல், என் தலையை வாரிவிடுவது யார் என்பதுபோலக் கேள்வி கேட்கும்.

வாசலிலேயே இரண்டு வரிசைப் பீடங்கள். ஒரு வரிசையில் நெப்போலியன், ஆண்ட்ரூ ஜாக்சன், ஹென்றி கிளே ஆகியோரின் மார்பளவுச் சிலைகள். மூவரும் மேரிலாண்டுக்காரர்கள் அல்லர். மற்ற வரிசையில் ஹேரியட் டப்மன், ஃபிரெடரிக் டக்ளஸ், பெஞ்சமின் பேனக்கர் என்ற பெயர்கள். மூவரும் அந்த மண்ணில் பிறந்த கறுப்பினப் போராளிகள், அறிவாளர்கள். பீடங்களின்மேல் எதுவும் இல்லை. அந்த நிறுவனத்திடம் அவர்களுடைய சிலையே இல்லை. இல்லாததையும் காட்சிக்கு வைக்கலாம் என்பதை அந்த வெற்றுப் பீடங்கள் கற்றுத்தந்தன.

இந்த முறையை நம் சிதம்பரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். நந்தனார் கதை நம் எல்லோருக்கும் தெரியும். பெரியபுராணத்தின்படி அவர் தீக்குள் இறங்கி, பூணூலோடு வெளியே வந்த பிறகே தில்லைக்குள் போக முடிந்தது. கோபாலகிருஷ்ண பாரதி தம் கீர்த்தனையில், சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் பண்ணையாரைச் சேர்த்து, கதையைப் பண்ணைக் கொடுமையின் கதையாகவும் ஆக்கினார். நம் வேதனையைச் சொல்ல நாமும் அந்தத் தீயையே மீண்டும் மீண்டும் காட்டிவருகிறோம். ஆயாவின் கேள்வியை இங்கேயும் கேட்போம்: அந்தத் தீ யாருடைய பொருள்? அதை மூட்டியவருடையது. அது அவர்களுடைய கூடத்தில், அவர்களுடைய விளக்குகளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நம் பீடத்தில் வைக்க வேறு இருக்கிறது. அதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். தீயில் இறங்கச் சொன்ன ஊரில் அவர் வகுப்பறையைக் கட்டினார். அந்த வகுப்பறையின் பலகையும் வருகைப்பதிவேடும் நம்முடையவை.

காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் அமைந்த குழு, தீண்டாமை நாடெங்கும் எப்படி நடக்கிறது என்று விசாரித்து 1969இல் அறிக்கை தந்தது. நம் மாவட்டத்தில் பிறந்தவர் நாட்டின் குற்றங்களைப் பட்டியலிட்டார். அதுவும் ஒரு தோம்புதான். யார் எதை வைத்திருந்தார்கள் என்பதற்குப் பதிலாக, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று பதிந்த தோம்பு.

6. நாம் என்ன செய்யப்போகிறோம்

இந்த விவாதங்களிலிருந்து எங்களுக்கென்று சில முடிவுகளுக்கு வந்திருக்கிறோம். மாணவர்கள் இவற்றைக் கேள்வி கேட்க வேண்டும், திருத்த வேண்டும்.

முதலாவது, எங்கள் காட்சியில் இரண்டு அடுக்குகள் இருக்கும். ஓர் அடுக்கில் எங்கள் மக்கள் தம் கையால் எடுத்துத் தந்தவை: கருக்கரிவாள், சான்றிதழ், மனு நகல், பறை, முதல் தலைமுறை வாங்கிய பேனா. கீழே சாதியின் பெயர் இருக்காது, தந்தவர் விரும்பினால் அவருடைய பெயரும் அவர் சொன்ன சொல்லும் இருக்கும். மற்ற அடுக்கு, சாதியைக் கடைப்பிடித்தவர்களின் பொருள்களுக்கு: தனிக்குவளை, கூலி நெல்லைக் குறைத்து அளந்த மரக்கால், தெருவை மறித்துக் கட்டிய சுவரின் செங்கல். அவை அவர்களுடைய செம்பு, விளக்குகளோடு சேர்ந்து நிற்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளில் யாராவது முன்வந்து, இது எங்கள் தாத்தா கடையில் இருந்த குவளை என்று கொண்டுவந்து தந்தால், அதுதான் இந்தக் காட்சியின் மிகப் பெரிய வெற்றி. அப்படி யாரும் வராவிட்டால் அங்கே ஒரு வெற்றுப் பீடம் நிற்கும். அதுவும் உண்மையைச் சொல்லும்.

இரண்டாவது, ஒவ்வொரு சேரியிலும் தரைப்படம் வரையும் வேலை. மாணவர்கள் பெரியவர்களின் கையில் பென்சிலைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நாங்கள் ஒரு தெருவில் முயன்றபோது, ஓர் அம்மா வீட்டை வரையவே இல்லை. முதலில் வழிகளைத்தான் வரைந்தார். இந்த வழியில் போகலாம், இந்த வழியில் போகக் கூடாது, இது இருட்டிய பிறகு போகிற வழி. வீடு கடைசியில் ஒரு சிறு கட்டமாக வந்தது. நிலம் உள்ளவரின் தோம்பு வேலியிலிருந்து தொடங்கும் என்றால், நம் தோம்பு பாதையிலிருந்து தொடங்குகிறது. இதை அவரிடமிருந்துதான் கற்றோம். அவசரப்பட்டு நாமே கோடு போட்டிருந்தால் கற்றிருக்க மாட்டோம்.

மூன்றாவது, பொருள் தந்தவரின் உரிமை. எப்போது கேட்டாலும் திருப்பித் தரப்படும். ஒளிநகல் எடுத்துப் பாதுகாப்போம், மூலம் இந்த ஊரை விட்டுப் போகாது. ஆய்வுக்கு வருகிறவர்கள் இங்கே வந்து, நம் மக்களோடு உட்கார்ந்து படிக்கட்டும். யார் அளக்கிறார், யார் அளக்கப்படுகிறார் என்ற பழைய வரிசையை இந்த ஒரு விதியாவது சற்றுக் கலைக்கும்.

நான்காவதாக ஓர் எச்சரிக்கை, எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வது. கலைக்காட்சி போராட்டத்துக்கு மாற்று ஆகாது. பால்டிமோரில் விலங்கைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் எல்லோரும் வீடு திரும்பி நீதிமான்கள் ஆகிவிடவில்லை. நம் காட்சியைப் பார்த்துப் பாராட்டிவிட்டு, அதே நாள் மாலை சுடுகாட்டுப் பாதையை மறிக்கிறவர்களும் இருப்பார்கள். பார்த்தவரின் கண்ணீரை நாம் கணக்கில் வைக்கக் கூடாது. பாதை வந்ததா என்பதுதான் கணக்கு.

அதனால்தான் தோழரின் பெட்டியை வெறும் நினைவுப்பொருளாக வைக்கப்போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். மனு நகல்களையும் ஒப்புகை அட்டைகளையும் தேதி வரிசையில் அடுக்கியிருக்கிறோம். எந்த மனுவுக்கு எப்போது ஒப்புகை வந்தது, எதற்குப் பதிலே வரவில்லை என்பது இப்போது ஒரே பார்வையில் தெரிகிறது. அவர் வரைந்த தெருப்படம், அந்தப் பாதையில் நம் மக்கள் நெடுங்காலமாக நடந்து வந்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி. பெரியவர்களின் வாக்குமூலங்களோடும் அந்தப் படத்தின் நகலோடும் அடுத்த மனு போகிறது. மூலம் சுவரில் இருக்கும், நகல் கோப்பில் இருக்கும். இரண்டும் ஒரே வேலையைச் செய்யும்.

அந்த மனுவில் கையெழுத்திட வேண்டியவர்கள், கூட்டம் முடிந்ததும் பின்னால் உள்ள மேசைக்கு வாருங்கள். தோழரின் தெருப்படத்தையும் அங்கேதான் விரித்து வைத்திருக்கிறோம். உங்கள் வீடு அதில் விட்டுப்போயிருந்தால் பென்சில் இருக்கிறது, வரைந்துவிட்டுப் போங்கள். அது முற்றுப்பெறாத படம்.

ஜெய் பீம்.